வரிசை எண் பதினேழு

சூர் என்றால் எங்கள் பேச்சில்
கூரையின் தாழ்ந்த விளிம்பு.
அரிவாளைச் செருகி வைக்கிற இடம்.
ஓமானின் இந்தக் கடலோர ஊருக்கும் அதே பெயர்,
கூரைதான் இல்லை.

பலதியாவின் மூன்றாம் மாடியில்
ஒப்பந்தக் கணக்கன் நான்.
நகர வெப்பத் தணிப்புத் திட்டம், முதலாம் ஆண்டு.
கேட்டது நாற்பதாயிரம் ரியால்,
வந்தது பதினோராயிரம்.
தந்தது ஓர் எண்ணெய்க் கம்பெனி.
அதன் சின்னத்தை எங்கே, எத்தனை அங்குலத்தில்
அச்சிட வேண்டும் என்பதற்கு மட்டும்
நான்கு பக்க இணைப்பு.

வெட்டு, என்றார் பொறியாளர் கல்ஃபான்.
வெட்டினேன்.
காயலில் நட இருந்த கண்டல் கன்றுகள்
எட்டாயிரம், ஆறாயிரம், இரண்டாயிரம்.
பள்ளி மொட்டைமாடிகளுக்கு வெள்ளைச் சாயம்,
ஒரே ஒரு பள்ளிக்கு.
ஆலோசகர் கட்டணத்தில் கைவைக்கக் கூடாதாம்.
வரிசை எண் பதினேழு:
பேருந்து நிறுத்தங்களில் நிழற்குடை, பதினான்கு.
அதை மூன்றாக்கிவிட்டுத்
தேநீர் குடிக்கப் போனேன்.
திரும்பி வந்தபோதும்
மூன்றாகவே இருந்தது.

படிவம் கேட்டது:
பயனாளிகள் எத்தனை பேர்? ஆதாரம் என்ன?
குடியிருப்போர் பட்டியலைத் திறந்தேன்.
மீன் பதனிடும் ஆலைக்கு எதிர் நிறுத்தத்தில்
பயனாளிகள் பூஜ்யம்.
அங்கே யாருக்கும் வீடு இல்லை,
முகாம்தான் இருக்கிறது.
முகாம் பட்டியலில் இல்லை.

ஜூன் மாதம். மதிய ஓய்வு முடிகிற மூன்றரை மணிக்கு
அங்கே போய் நின்றேன்.
விளக்குக் கம்பத்தின் நிழலுக்குள்
பதினொரு பேர் நின்றிருந்தார்கள்,
ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி,
அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி.
முதல் ஆள் நேபாளத்து தில் பகதூர்.
கடைசி ஆள் பரமக்குடி மரியதாசன்,
அவருக்குக் கிடைத்தது
விளக்கின் தலையளவு நிழல்.

"என்ன சார் எண்ணுறீங்க?"
"ஆளை."
"எதுக்கு?"
சொல்லத் தெரியவில்லை.
"ஒண்ணை விட்டுட்டீங்க. அந்தா வர்றான் பாருங்க,
தண்ணிக் கேனோட."

நான்கு பேருந்து வந்து போனது.
இருநூற்றுப் பன்னிரண்டு.
நானும்தானே நின்றேன்,
பதின்மூன்று.

ஆதாரம் என்ற கட்டத்தில்
'நேரில் எண்ணியது' என்று அடித்தேன்.
கல்ஃபான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இவர்கள் இரண்டு வருஷத்தில் போய்விடுவார்களே, என்றார்.
துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.
பிறகு விரலைக் கீழே இறக்கிக்கொண்டே போய்
தொடக்க விழா, குளிரூட்டிய கூடாரம்,
வாடகை தொள்ளாயிரம் ரியால்
என்ற வரியில் நிறுத்தினார்.
நிழற்குடை ஒன்றின் விலையும் அதேதான்.
நான் வாய் திறக்கவில்லை,
அவரே அழித்தார்.
மூன்று நான்கானது.

விழா அந்த நான்காவது குடையின் கீழேயே நடந்தது.
கம்பெனிக்காரர் ஆறு பக்க உரை வைத்திருந்தார்.
இரண்டாம் பக்கத்திலேயே நன்றி வந்துவிட்டது.
வெயிலைப் போலொரு பதிப்பாசிரியர் கிடையாது.

மறுநாள் மூன்றரைக்குப் போய்ப் பார்த்தேன்.
புதுக் குடையின் பெஞ்சில்
வெயில் உட்கார்ந்திருந்தது.
வரைபடம் உச்சிவேளைக்குப் போட்டது.
நிழலோ முதுகுத் தகட்டைத் தாண்டிக்
கிழக்கே, கடல் பக்கம்,
ஜல்லியின் மேல் கிடந்தது.
எல்லோரும் அதற்குள் இருந்தார்கள்.
ஒருவன் மட்டும் முன்னால், வெயிலில்,
பேருந்து வருகிறதா என்று பார்க்க.
அதற்கு முறை வைத்திருந்தார்கள்.
இன்று மரியதாசன் முறை.
என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

திரும்பி வந்து
அடுத்த ஆண்டுக்கான தாளைத் திறந்து
பதினேழுக்குக் கீழே ஒரு வரிசை நுழைத்தேன்:
மேற்கு வெயிலுக்குத் தட்டி, நான்கு,
ஒன்று எண்பத்தைந்து ரியால்.
குறிப்பு: நடுவே இடுக்கு விட வேண்டும்,
உட்கார்ந்தபடியே
பேருந்து தெரிகிற அளவுக்கு.