கோர்டன் நின்ற இடம்

பிப்ரவரி. டுலூத்தில் எங்களுக்குக்
கொல்லைப்புறம் என்று ஒன்று இருப்பதை
நம்பத்தான் வேண்டும்.
வேலியின் தலை மட்டும் தெரிகிறது
பனிக்கு மேலே, கரிக்கோடு போல.
சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து
நானும் வெண்டலும்
கண்ணில் படாத புல்தரையில்
எங்கே கல் பாவுவது என்று சண்டை போடுகிறோம்.

முதல் மென்பொருள் இலவசம்,
ஏழு மரம் வரைக்கும்.
எட்டாவதை நட்டதும் கடன் அட்டை கேட்டது.
அந்த ஏழிலும் நாலு தென்னை.
"ஏரிக் காற்றுக்கு இது நிற்குமா, ஆர்லிஸ்?" என்றான்.
செப்டம்பர் வரைக்கும் நிற்கும் என்றேன்.

இரண்டாவது, படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கு.
ஒரு பூந்தொட்டி வைக்க
மூன்று காணொளி பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவதில் எங்கள் முகவரியைத் தட்டினேன்.
வானத்திலிருந்து வீட்டைக் கொண்டுவந்து போட்டது.
ஏதோ ஒரு ஜூலை.
உறைமழை ஒடிப்பதற்கு முந்தைய ஜூலை,
பிளம் மரம் இன்னும் இருக்கிறது அதில்.
கொடியில் என் நீலப் போர்வை.
கொஞ்ச நேரம் இருவருமே
மவுஸைத் தொடவில்லை.

நாலாவதை எடுத்துக்கொண்டோம். பதினான்கு நாள் சோதனை.
உயரம் காட்டுவதற்கென்றே
அதில் ஒரு ஆள் தருகிறார்கள்:
சாம்பல் சட்டை, முகம் கிடையாது,
ஐந்தடி பத்தங்குலம்.
வெண்டல் அவனுக்கு கோர்டன் என்று பேர் வைத்தான்.
பஸ் பணிமனையில் பத்தொன்பது வருஷம்
எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு
ஒரு வார்த்தை பேசாத ஒருத்தன் பேராம்.

கோர்டனை வேலியோரம் நிறுத்தினோம்.
நெருப்புக்குழிப் பக்கம் நகர்த்தினோம்.
லைலாக் புதருக்குப் பின்னால் வைத்து
ஹௌகன் வீட்டு ஜன்னலிலிருந்து
தலை தெரிகிறதா என்று பார்த்தோம்.
கோர்டன் குளிர்கிறது என்று சொல்லவில்லை.
நாற்காலி கேட்கவில்லை.
செப்டிக் தொட்டி மூடிக்கு மேலேயே
நாங்கள் மேப்பிள் நட்டபோதும் வாய் திறக்கவில்லை.
மென்பொருளும்தான்.

பிறகு வெண்டல் கண்டுபிடித்தான்,
அடியில் ஒரு பட்டை: வருஷங்கள்.
ஐந்துக்கு இழுத்தால் புதர்கள் தோள் தொடும்.
பதினைந்தில் மேப்பிள் கூரையைத் தாண்டும்.
முப்பதில்
என் தக்காளிப் பாத்தி முழுக்க நிழல்.
கோர்டன் அதே சட்டையில்
அதே இடத்தில்.

எனக்கு அறுபத்தொன்று. அவனுக்கு அறுபத்து நாலு.
பட்டையைத் திரும்ப இழுத்தான், மெதுவாக,
மரம் கன்றாகும் வரைக்கும்.
"பிர்ச் வைப்போம்," என்றான்.
"அது சீக்கிரம் வளரும்."

பதினைந்தாம் நாள் திரை மங்கிவிட்டது.
நூற்று இருபது டாலர் கட்டினால் தெளியுமாம்.
கட்டவில்லை. அந்தக் காசில்
இரண்டு பிர்ச்சும் ஒரு நல்ல மண்வெட்டியும் வரும்.
ஒரு படத்தைக்கூட அச்செடுத்து வைக்கவில்லை என்பது
அப்புறம்தான் உறைத்தது.

மே. பனி போன இடத்தில்
போன வருஷத்துக் கையுறை ஒன்று, சேறு,
நாலு மென்பொருளும் சொல்லாத ஒரு சரிவு.
தோட்டத்துக் குழாயை வளைத்துப் போட்டுப்
பாதைக்குக் கோடு பார்க்கிறோம்.
அது பழைய சுருளுக்கே திரும்புகிறது.
வெண்டல் உள்ளே போய்
சமையலறை ஜன்னலைத் தூக்கிக் கத்துகிறான்:
"கோர்டன் நின்ற இடத்தில் நில்லு!"

நின்றேன்.
ஐந்தடி மூன்று. ஷூவுக்குள் தண்ணீர்.
"இன்னும் இடது. இல்லை, உன் இடது."
குளிர்கிறது என்றேன், ஹௌகன் வீட்டுக்கும் கேட்கும்படி.
நாற்காலி கேட்டேன்.

கொண்டுவந்தான், இரண்டு.
பிர்ச்சுக்கான குழியை
அன்றைக்கு வெட்டவில்லை.