பதிப்பு 2.5

மார்ச்சிலேயே திருத்திவிட்டேன்.
இதை முதலில் எழுதி வைக்கிறேன்;
எனக்குச் சாதகமான வாக்கியம் இது ஒன்றுதான்.

தள்ளுபடியில் வாங்கிய பொருளை ஒருவர் திருப்பித் தந்தால்
தள்ளுபடியை இன்னொரு முறை கழித்தது என் நிரல்.
கல்லாவில் இருக்க வேண்டும் என்று அது சொன்னதற்கும்
கல்லாவில் இருந்ததற்கும்
ஒரு நாள் பன்னிரண்டு ராண்டு, ஒரு நாள் நாற்பது
வித்தியாசம்.
ஒரு வரி. ஒரு கழித்தல் குறி.
அழித்தேன், 2.4 என்று பெயரிட்டேன்,
நாற்பத்து மூன்று கடைக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்,
சாட்ஸ்வொர்த்தில் மின்வெட்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது.
பிறகு தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்டில் டோங்காட்டிலிருந்து வேலாயுதன் நாயக்கர் அழைத்தார்.
பெயின்ட், குழாய், பூட்டு விற்கும் கடை.
புதுப் பையனுக்குக் கடவுச்சொல் வேண்டுமாம்.
பழைய பெண்? என்றேன்.
"நொம்புசோவா? கை சுத்தமில்லை.
அஞ்சு மாசம் பார்த்தேன் யோகா,
கொஞ்சம் கொஞ்சமாய்.
உன் மெஷின்தான் காட்டிக்கொடுத்தது."

திரையின் கீழ் மூலையில் என்ன எண், பாருங்கள்.

"டூ பாயின்ட் த்ரீ."

*

அன்று இரவே தொடங்கினேன்:
திறந்தவுடன் நிரல் தானே வெளியே போய்
ஒரே ஒரு கேள்வி கேட்கும்.
நான் 2.5. புதிதாக ஏதும் உண்டா?
கடைப் பெயர் சொல்லாது. விற்ற தொகை சொல்லாது.
கல்லாவில் நிற்பது யார் என்று சொல்லவே சொல்லாது.
அதை எழுத இருபது நிமிடம்.
பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு நான்கு இரவு.

இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தேன்.
அப்படியே நின்றது,
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே கூப்பிடட்டும் என்று நிற்கும் சம்பந்தி மாதிரி.
கோபுரத்துக்கு மின்சாரமில்லாத காலையில்
ஒரு கடையே இப்படி நிற்கும்.
எவ்வளவு காத்திருக்கலாம்?
பத்து நொடி என்றால் வாங்க வந்தவர் போய்விடுவார்.
ஒரு நொடி, மேட்டுக் கடைகளின் சிக்னலுக்குப் போதாது.
மூன்று.
மூன்று நொடிக்குப் பின்னும் மௌனம் என்றால்
அதை "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்ளாதே.
மௌனம் மௌனம்தான்.
வேலையைத் தொடங்கு, நாளைக்கு மறுபடி கேள்.
இதை நிரலுக்குள்ளேயே குறிப்பாக எழுதினேன்,
கணினி தாண்டிப் போய்விடும் வரியாக.

எல்லாம் முடிந்து, டீ ஆறிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது:
கேட்கத் தெரிந்தது 2.5-க்கு மட்டும்.
2.3-க்குக் கேள்வியே தெரியாது.
எந்தக் கடைக்காக இதைச் செய்தேனோ
அந்தக் கடையை மட்டும் இது தொடாது.

*

சனிக்கிழமை பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு
என்-டூவில் வடக்கே போனேன்.
கரும்புத் தோட்டம் எரித்த கரித்துகள் காரின் கண்ணாடியில்.
வைப்பரைப் போட்டால் இன்னும் பரவியது.

ஐந்து மாதச் சிட்டைகளை நான் மறுபடி கூட்டும்வரை
நாயக்கர் பூட்டுகளை அடுக்கினார்,
அடுக்கியதைக் கலைத்து அடுக்கினார்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு ராண்டு.
சதம் பிசகாமல், என்னுடையது.
"எங்கே இருக்கிறாளோ" என்றார்.
அவள் எண் அவர் போனிலேயே இருந்தது.
கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"என்ன மாற்றம்" என்ற பெட்டியில் வழக்கமாக
"சிறு திருத்தங்கள்" என்று போடுவேன்.
இம்முறை:
தள்ளுபடிப் பொருள் திரும்பியபோது
கல்லா குறைவதாகக் காட்டியது இந்த நிரலின் பிழை.
எழுதியவள் யோகவள்ளி பிள்ளை.
கல்லாவில் நின்றவர் யாரையாவது
சந்தேகப்பட்டிருந்தால், அவரிடம் சொல்லுங்கள்.

கீழே எப்போதும் இரண்டு பொத்தான்: சரி, பிறகு.
"பிறகு" என்பதை எடுத்துவிட்டேன்.

காரில் உட்கார்ந்து அவள் எண்ணை அழுத்தினேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
மூன்று நொடி தாண்டியும்
வைக்கவில்லை.