கையா, தோளா

திசையன்விளை பஸ்ஸிலிருந்து இறங்கினான் இஞ்ஞாசி,
ஒரு தோல்பை, வலைப்பைக்குள் நான்கு பந்து.
ஊர் அவன் வலது கையை மட்டும் பார்த்தது.

தொண்ணூற்றெட்டு, இறுதி ஆட்டம்,
எண்பத்தொன்பதாவது நிமிடம்,
கூட்டப்புளிக்காக அந்தக் கையால்
தட்டிப் போட்ட கோல்.
அன்றைக்குப் பிறந்தே இராத பயல்களும்
கண்ணால் கண்டதாகச் சொல்வார்கள்.
அவனைத்தான் எங்களுக்குப் பயிற்சியாளன் ஆக்கியது கமிட்டி.

உவரி ஏலக்கூடத்தில் அன்று
சீலாவுக்கு விலை கேட்க ஆளில்லை.
கமிட்டியைத்தான் ஏலம் விட்டார்கள்.
"வள்ளத்துல ஓட்டை போட்டவனையே
சுக்கான் பிடிக்கச் சொல்லுவாவளாவே?"

முதல் வாரமே தொம்மையை உட்கார வைத்தான்.
தொம்மை அடித்தால் பந்து
காற்றாலை இறக்கையில் பட்டுத்தான் திரும்பும்.
அந்த அடிக்குத்தான் நாங்கள் விசிலடிப்போம்.
"மேக்காத்துல ஒசரமா அடிச்சா
பந்து நமக்கில்ல, காத்துக்கு" என்றான் இவன்.
கணுக்காலுக்கு மேல் பந்து எழும்பக் கூடாதாம்.

மூன்று ஆட்டம், மூன்று தோல்வி.
பெருமணலிடம் நான்கு கோல்,
வள்ளியூர்ப் பையன்களிடம்கூட ஒன்று.
வேலியோரம் நின்று நாங்கள் கத்தியது
சாமியார் காதில் விழக்கூடாதென்று
கோயில்பிள்ளை கால்மணி நேரம் முந்தியே
மணி அடித்துவிட்டார்.

படகுகளுக்கு எண் எழுதுகிறவன் நான்.
மிச்சப் பெயின்ட் இருந்தது. இருட்டும் இருந்தது.
ஐஸ் கம்பெனிச் சுவரில், ஓராள் உயரத்துக்கு:
கூட்டப்புளிக்கு திரும்பி போ.

விடிகாலையில் அதன் முன்னால் நின்றிருந்தான்.
அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைத்தவனாம்.
"எழுத்து அம்சமா இருக்கு வே.
ரெண்டு ஒத்து விட்டுப்போச்சு"
என்று யாரிடமோ போலச் சொல்லிவிட்டு
விசிலை வாயில் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்தது சமன்.
அதற்கடுத்தது இடிந்தகரை, அவர்கள் மண்ணிலேயே
இரண்டு கோல், இரண்டும்
மணலை உரசிக்கொண்டே போனவை.
இரண்டாவது தொம்மையுடையது.
கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறங்கியவன்
ஓங்கவில்லை, உதைக்கவில்லை,
சும்மா தள்ளிவிட்டான். தள்ளிவிட்டுத்
தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று ராத்திரி வலை மடிக்கையில் வியாகுலம் சொன்னான்:
"தொண்ணூத்தெட்டுல நான்
கோலுக்குப் பின்னாலதான் நின்னேன்.
பாதி கை, பாதி தோளு."
அடுத்த வெற்றிக்கு அது முழுத்தோள் ஆனது.
காலிறுதி தாண்டியதும்
தலையால் முட்டினதுதான் என்று
சத்தியம் பண்ணவும் ஆளிருந்தது.
யாரும் சொல்லாமலே நான் போய்ச்
சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

அரையிறுதிக்கு முந்தின சாயங்காலம்
கம்பத்துக்கு வெள்ளை பூசப் போனவன் கேட்டுவிட்டேன்.
கோல் வலையில் கிழிசல் முடிந்துகொண்டிருந்தவன்
நிமிராமலே சொன்னான்:
"கைதான் வே.
நடுவருக்குத் தெரியல. எனக்குத் தெரியும்லா."

பாளையங்கோட்டையில் தோற்றோம். பெனால்டியில்.
கடைசி உதை தொம்மை.
பழைய தொம்மை.
பந்து மைதானச் சுவரைத் தாண்டி
ரோட்டில் போன ஆட்டோ மேல் விழுந்தது.

திரும்பும் வேனில்
நாங்குநேரி வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
பிறகு பின்சீட்டில் வியாகுலம்
மெல்ல ஆரம்பித்தான்:
"என்ன இருந்தாலும், கைதாம்லே அது."
ஆமா ஆமா என்றது மொத்த வேனும்.
முன்சீட்டில் இஞ்ஞாசியின் பிடரி அசையவில்லை.
மடியில் நான்கு பந்து.

உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்,
கம்பியைப் பிடித்து எழுந்து நின்று கத்தினேன்:
"எவம்லே சொன்னது?
தோளு!"