ரிக்கற்றின் பின்பக்கம்

மல்லாவியில் ஏறி ஐந்நூறு ரூபாவை நீட்டினேன்.
"சில்லறை இல்லைப் பிள்ளை"
ரிக்கற்றின் பின்பக்கம் 330 என்று கிறுக்கித் தந்தார்
கொண்டக்டர்.
இறங்கும்போது கேட்கலாம் என்றிருந்தேன்.

முறிகண்டியில் எல்லோரும் இறங்கிப்போய்
பிள்ளையாரைக் கும்பிட்டார்கள்.
நான் கோவையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு
சீற்றிலேயே இருந்தேன்.
கச்சான் கோது ஒன்று பறந்துவந்து
பின்னலில் தங்கியதை
மத்தியானம்வரை ஒருவரும் சொல்லவில்லை.

அறிவியல்நகர்.
இறங்கினேன், செருப்பு வார் அறுந்தது.
குனிந்து நிமிர்வதற்குள்
என் முந்நூற்று முப்பது ரூபா
கிளிநொச்சிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

வரிசையில் எனக்கு நாற்பத்தியொன்று.
முன்னுக்கு நீராவிப்பிட்டி ஃபஸ்ரினா.
என் காலைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் முக்காட்டிலிருந்து
ஓர் ஊசியைக் கழற்றித் தந்தாள்.
பிறகு நாள் முழுக்க
ஒரு கையால் முக்காட்டைப் பிடித்தபடி நின்றாள்.

பின்னுக்கு ஒட்டுசுட்டான் கபிலராஜ்.
"மை எய்ம் இஸ், மை எய்ம் இஸ்"
அதற்குமேல் அவனுக்கு ஓடவில்லை.
நம்பர் கூப்பிட, பிழையான கதவைத் திறந்து
தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு
முழுக் குரலில் குட் மோர்னிங் சொன்னான்.
திரும்பி வரும்போது கையில் ஒரு றோல்ஸ்.
மூன்றாகப் பிய்த்தோம்.
பெரிய துண்டை அவனே எடுத்துக்கொண்டான்.

பிறப்புச் சான்றிதழை லைற்றில் பிடித்துப் பார்த்தார் கிளார்க்.
"லமினேற் செய்தால் இதில எங்க சீல் குத்திறது?"
முதல் பிரதி இடம்பெயர்வில் போனது.
இரண்டாவதைத் தண்ணி தொடக்கூடாதென்று
அப்பா வவுனியா கொண்டுபோய்
பிளாஸ்ரிக்கில் பூட்டிவந்தார்.
இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தொடங்க
கரண்ட் போனது.
இருட்டில் என்ன நினைத்தாரோ,
போட்டோ கொப்பியில் குத்திவிட்டார். தலைகீழாக.

உள்ளே மூன்று பேர்.
"இதில துளசிகா, அடையாள அட்டையில துலசிகா.
நீர் எது?"
"ரெண்டும் நான்தான் சேர்.
ள அம்மா வைச்சது, ல ஐடி ஒஃபிஸ் வைச்சது."
மிஸ் கோவைக்குள் முகத்தை விட்டுச் சிரித்தா.

அடுத்த கேள்வி ஆங்கிலத்தில்.
ஏன் தொழில்நுட்பம்?
மூன்று கிழமை பாடமாக்கிய விடை
முறிகண்டியிலேயே இறங்கிவிட்டிருந்தது.
கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றாமல் முனகியது.
என்னைக் கேட்காமல் என் வாய்
"கப்பாசிற்றர் போட்டுது சேர்" என்றது.
"எப்பிடித் தெரியும்?"
"எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான்.
கம்பால ஒருக்காத் தள்ளிவிட்டால் சுத்தும்."

இளைய விரிவுரையாளர் கதிரையில் ஏறி
அடிமட்டத்தால் தள்ளினார்.
சுற்றியது.
மேசையிலிருந்த அத்தனை கடதாசியும் எழும்பிப் பறந்தன.
பேராசிரியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
மேசைக்குக் கீழே முழங்காலில்
என் இரண்டு பெயர்களையும் தேடினோம்.
"சரி, நீர் போகலாம்."
என்ன புள்ளி போட்டார்கள், தெரியாது.

வெளியே பியோன் மறித்தார்.
"தங்கச்சி, அந்தச் சாமான் எங்க எடுக்கலாம், என்ன விலை வரும்?"
கடை, விலை, எத்தனை மைக்ரோஃபரட்,
எல்லாம் சொன்னேன்.
அன்று நான் முழுதாகச் சொன்ன ஒரே விடை.

ஃபஸ்ரினாவின் பஸ் முதலில் வந்துவிட்டது.
ஊசி என் செருப்பில்.
திருப்பிக் கொடுப்பதென்றால்
எங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்கவேண்டும்.

நாலரைக்கு அதே மல்லாவி பஸ், அதே கொண்டக்டர்.
ரிக்கற்றைத் திருப்பிக் காட்டினேன்.
சீல் இல்லை, கையொப்பம் இல்லை,
எந்தத் துளசிகா என்றும் கேட்கவில்லை.
எண்ணித் தந்தார்.

நானும் எண்ணினேன்.
பத்து ரூபா குறைவு.

கேட்டேன்.