பேர் சொல்லா மருந்து

லண்டன் என்றால் எங்கள் ஆட்களுக்கு மற்ற லண்டன்தான்.
இது ஒன்ராரியோவில் இருக்கிறது.
இங்கேயும் தேம்ஸ் என்று ஓர் ஆறு,
பெப்ரவரியில் அது பாதி வாக்கியத்தில் நின்றுவிடும்.

பேச்சு மொழிச் சிகிச்சை, முதுகலை, இரண்டாம் பருவம்.
பேராசிரியர் வான்டர்வீன் தந்த ஒப்படை:
மூன்று கடைக்குப் போ. திக்கிப் பேசு.
நடிப்பென்று சொல்லாதே.
எதிரில் நிற்பவர் கண் எங்கே போகிறது,
எத்தனை விநாடி பொறுக்கிறார்,
எழுதி வா.

ஒரு வாரம் கண்ணாடி முன் பழகினோம்.
எழுத்தை இழுப்பது சுலபம். அடைப்புத்தான் கடினம்:
உதட்டை ஒட்டி, மூச்சை உள்ளே பூட்டி,
கழுத்து நரம்பு தெரியும்வரை
சொல்லை வெளியே விடாதிருப்பது.
பக்கத்து அறையில் கேட்பியல் மாணவர்கள்
ஒருவர் காதுக்குள் ஒருவர் விளக்கடித்துப் பார்த்துச்
சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்களுக்கென்ன.

முதலாவது கோப்பிக் கடை.
ட, ட, ட என்று தொடங்கினேன்.
"டபுள் டபுளா?" என்றான் பையன்.
டீ கேட்கப் போனவள்
இரண்டு சீனி இரண்டு கிறீம் போட்ட கோப்பியோடு
பனிக்குள் நின்றேன்.
பொறுமை: ஒன்றரை விநாடி.

இரண்டாவது மருந்துக் கடை.
அந்தப் பெண் திடீரென்று உரத்துப் பேசினாள்,
ஒவ்வொரு சொல்லாக,
நான் ஏதோ கிணற்றுக்குள் நிற்பதுபோல.
கண்: இருமல் மிட்டாய்த் தட்டில்.
நான்கு விநாடி.

மூன்றாவதற்குத் தமிழ்க் கடை.
வகுப்பில் வேறு யாராலும் முடியாதே என்றொரு திமிர்.
வெண்டிக்காய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை.
"புள்ளி அட்டையிலை பதியப் பேர் சொல்லுங்கோ பிள்ளை."

ப்

உதடு பூட்டியாயிற்று. உள்ளே எண்ணுகிறேன்.
மூன்று. ஐந்து.
பின்னால் ஒருத்தி கூடையைக் கை மாற்றுகிறாள்.
எட்டு.
அவர் பேனையைக் கீழே வைத்தார்.
கண் என் கண்ணிலேயே.
பதினொன்று, பன்னிரண்டு,
பதினான்கில் எனக்குத்தான் பொறுக்கவில்லை.
பைரவி என்றேன்,
நடிப்பை அப்படியே போட்டுவிட்டு.

அவர் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை.
பதிந்தார். பில் போட்டார்.
பிறகு குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு சரை:
கறுத்த, கணுக் கணுவான வேர்த்துண்டு.
"தேனிலை உரைச்சு நாக்கிலை தடவுங்கோ.
பொழுதுபட்டிட்டுது, இதின்ர பேர் சொல்லக் கூடாது.
காசு வேண்டாம்."

ஆதாரமில்லாத வைத்தியங்களுக்கென்று
எங்கள் பாடப்புத்தகத்தில் முழு அத்தியாயமே இருக்கிறது.
கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"என்ர தம்பிக்கும் குடுத்தது" என்றார்.
நான் கேட்கவில்லை. அவராகத்தான்.
"சென்றியிலை பேர் கேட்டவங்கள்.
அவனுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது."
அடுத்தவளின் கூடையை
அருகே இழுத்துக்கொண்டார்.

படிவத்தில் முதலிரண்டு கடைக்கும்
எல்லாக் கேள்வியும் நிரப்பினேன்.
மூன்றாவதற்கு 14 என்று மட்டும்.
வான்டர்வீன் பச்சை மையில் எழுதியிருந்தார்:
அருமையான கேட்பவர். ஏன் நடுவில் விட்டாய்?

சிகிச்சை நிலையத்தில் இப்போது எனக்கு ஒரு பையன்,
டெக்லன், ஆறு வயது.
அவன் சொல்லவரும் டைனோசருக்குப் பெயர் நீளம்.
பேனையைக் கீழே வைக்கிறேன்.
கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து யாரோ
நேரம் குறிக்கிறார்கள்.
குறிக்கட்டும்.

வேர் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது,
காது பார்க்கும் விளக்குக்குப் பக்கத்தில்.
லாச்சி முழுக்க அதன் மணம்.

கறிவேப்பிலைக்கு நான் இப்போது வேறு கடை.
இரண்டு பஸ், கட்டுக்கு ஐம்பது சதம் கூட.
அங்கேயும் புள்ளி அட்டை உண்டு.
வேண்டாம் என்கிறேன்,
தடையே இல்லாமல்.