ஏகாம்பரத்துக்கு ஒரு ஓடிபி

ஜூலை முப்பத்தொன்று, இரவு பத்தே முக்கால்.
கொளத்தூரில் கரண்ட் இருக்கிறது, அதுவே பெரிது.
தெருமுனையில் மெட்ரோக்காரர்கள் பூமியைக் குடைகிறார்கள்;
டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது.
திரையில் ஒரு வட்டம்
செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சுற்றி முடித்து என்னை வரவேற்கிறது:
'வருக, ஏகாம்பரம்.'

ஏகாம்பரம் என் அப்பா.
செத்து இரண்டு வருஷம்.
வரி கட்டுமளவுக்கு ஒருநாளும் சம்பாதித்ததில்லை.
இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்களாம்;
பான் கார்டுக்கு எழுதிக்கொடுத்த
வில்லிவாக்கம் ஜெராக்ஸ் கடைக்காரர்
எந்தக் கட்டத்தில் யாரைப் போடுவதென்று தெரியாமல்
அவரை முன்னால் உட்காரவைத்துவிட்டார்.
ஆதாரில் நான் பொற்கொடி ஏ.
வங்கியில் ஏ பொற்கொடி, புள்ளி இல்லாமல்.
அந்த ஒரு புள்ளிக்காகப் போன வருஷம்
அயனாவரம் கிளைக்கு மூன்று நடை.

நான் பிசியோதெரபிஸ்ட்.
'நிமிர்ந்து உட்காருங்க' என்று சொல்வதுதான் பிழைப்பு.
இப்போது கூன்போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
அண்ணாநகர் கிளினிக் எனக்குச் சம்பளம் தருவதில்லை,
தொழில்முறைக் கட்டணம் தருகிறது,
ஆயிரத்துக்கு நூறு பிடித்துக்கொண்டு.
பிடித்ததைத் திரும்பக் கேட்கத்தான் இவ்வளவும்.

படிவம் ஒன்றா நான்கா?
பழைய முறையா புதிய முறையா?
விவசாய வருமானம் உண்டா?
மொட்டைமாடித் தொட்டியில் கறிவேப்பிலை.
யோசித்துவிட்டு இல்லை என்று போட்டேன்.
நெளிந்த எழுத்துகளைப் படித்துக்காட்டி
மனுஷிதான் என்றேன்,
இரண்டாம் தடவைதான் நம்பியது.
எல்லாம் நிரப்பிக் கடைசிப் பக்கம் வந்ததும்
'உங்கள் நேரம் முடிந்தது' என்று
வாசலில் கொண்டுவந்து விட்டது.
மறுபடி செக்குமாடு. மறுபடி வருக ஏகாம்பரம்.

கடைசியில் ஓடிபி.
அது என் போனுக்கு வராது.
நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறதாம்.
அது தணிகாசலத்தின் எண்.
பான் எடுத்த வருஷம் என்னிடம் போன் இல்லை,
அண்ணனிடம் இருந்தது.
அப்பா காரியத்துச் செலவில் பதினோராயிரத்துக்கு
பில் எங்கே என்று அவன் கேட்டதிலிருந்து
நாங்கள் பேசுவதில்லை.
சங்கு ஊதினவர் பில் தருவாரா?

பதினொன்று இருபத்திரண்டு. அடித்தேன்.
நாலாவது ரிங்கில் எடுத்தான். ஹலோ இல்லை.
'நம்பர் வந்திருக்கு.'
'சொல்லு.'
'எட்டு. பூஜ்யம். மூணு...
இரு, கண்ணாடி எடுத்துட்டு வரேன்.'
வந்தபோது அது காலாவதி.
அடுத்தது வந்தது, மெட்ரோ குடைச்சலில்
ஆறா ஏழா என்று கேட்டுக்கொண்டிருக்கையில் போயிற்று.
மூன்றாவதற்காக இருவரும் லைனில் காத்திருந்தோம்.
அவன் வீட்டு ஃபேன் இன்னும் அதே க்ரீச்.

பிறகு அவனாக,
'அப்பா பேர்ல மெசேஜ் வரும் இதுல.
அன்புள்ள ஏகாம்பரம், கடைசித் தேதி நெருங்குதுன்னு.
நான் எதையும் டெலீட் பண்றதில்ல.'

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அதற்குள் வந்துவிட்டது.
ஒன்பது ஒன்று ஒன்று ஐந்து நான்கு ஆறு.
பச்சை டிக்.
'ஆச்சா?'
'ஆச்சு.'
வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் பதினாலு, மின்னஞ்சல்:
அன்புள்ள ஏகாம்பரம்,
ரூபாய் 18,460 தங்கள் வங்கிக் கணக்கில் சேரவில்லை.
பெயர் பொருந்தவில்லை.
மீண்டும் கோர, ஓடிபி மூலம் உறுதிசெய்யவும்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி திட்டினேன்,
அந்த ஜெராக்ஸ் கடையில் தொடங்கி டெல்லி வரைக்கும்.
பிறகு மணி பார்த்தேன்.
ஒன்பதரை.
இந்நேரம் சாப்பிட்டிருப்பான்.