ஒன்பது எழுநூறு

மூலக்கொத்தளத்தில் நூருல்லா பாயின் இரும்புக் கடை.
எங்கோ மூடிப்போன ஜிம்மின் தட்டுகள்
சுவரோடு சாய்ந்து
வாடகை பாக்கி வைத்தவர்கள்போல நிற்கின்றன.
"புள்ளைக்கா, வூட்டுக்காரருக்காம்மா?"
எனக்கு என்றேன்.
இரண்டரைக் கிலோ ஒன்றை எடுத்து
பிஸ்கட்போல நீட்டினார்.
நான் பத்து கேட்டேன். ஜோடியாக.

எலும்பு வார்டில் பதினோரு வருடம்.
லிஃப்ட் படுத்துக்கொள்ளும் நாட்களில்
ஸ்ட்ரெச்சரின் தலைமாடு எனக்கு.
ஐம்பத்தைந்து கிலோ ஆள்
மயக்கம் தெளியும்வரை எழுபது.
பயந்தால் இன்னும் கொஞ்சம்.
எந்தத் தராசும் இதை ஒப்புக்கொள்ளாது.
இடுப்பு ஒப்புக்கொண்டது, போன ஆடியில்.

பெரிய டாக்டர் சீட்டில் எழுதினார்:
பாரம் தூக்கக் கூடாது.
எழுதி முடித்துப் பேனாவை மூடியபடி,
"அந்த ஆறாம் பெட்டைக் கொஞ்சம் திருப்பிப் போடும்மா."
பிசியோவில் இருக்கும் சின்னப் பெண் பெனிட்டா மட்டும்
காதோடு சொன்னாள்:
தூக்குக்கா.
வீட்ல, ஒழுங்கா, எண்ணித் தூக்கு.

ப்ளாஸ்டிக் தோலுக்குள் சிமென்ட் அடைத்த தட்டு பாதி விலை.
ஆட்டிப் பார்த்தேன், உள்ளே மணல் பேசியது.
ரப்பர் பூசியது சத்தம் போடாது.
கீழ்வீட்டில் ஹார்பர் நைட் ஷிப்டு முடித்துப்
பகலில் தூங்கும் மனிதருக்கு நல்லது,
என் சம்பளத்துக்கு நல்லதில்லை.
மிச்சம், வெறும் இரும்பு.
காசிமேட்டுக் காற்று எங்கள் ஜன்னல் கம்பியை
இரண்டே வருடத்தில் தின்றது.
இதையும் தின்னட்டும்.
தட்டு கனம். நாளாகும்.

நடு ஓட்டையும் இருக்கிறது.
வீட்டுக் கம்பியின் சுற்றளவைக்
கட்டுத்துணியில் முடிச்சிட்டு எடுத்து வந்திருந்தேன்.
முதலில் மனசுக்குப் பிடித்த தட்டு,
ஓரம் மழுங்காமல், பச்சை பெயின்ட்டோடு,
முடிச்சைச் சுற்றித் தொளதொளத்தது.
அடுத்தவள் செருப்பு. வைத்துவிட்டேன்.

பிறகு பையிலிருந்து
நாத்தனார் எஸ்தரின் கொக்கித் தராசை எடுத்தேன்.
காலையில் நிறுத்த வஞ்சிரத்தின் வாசனை
இன்னும் அதில் இருந்தது.
"மீனாம்மா வாங்கற? இரும்பு பொய் சொல்லாது."
இரும்பு சொல்லாது பாய்,
மேல அடிச்ச நம்பர் சொல்லும்.

பத்து இருநூற்றைம்பது.
ஒன்பது ஐந்நூறு.
பத்து நாற்பது.
ஒன்பது எழுநூறு.
பத்து நூற்றுப் பத்து, விளிம்பு உடைந்தும்.
பதினாலு தட்டு மாட்டி இறக்கினேன்.
எல்லாவற்றின் நெற்றியிலும் ஒரே பத்து.
கடைசியில், ஒரு மோட்டார் மூடிக்கு அடியில்,
துருவோடு,
இன்னொரு ஒன்பது எழுநூறு.

"கம்மியா இருக்கறத ஏன்மா பொறுக்கற?
பத்தேகால் எடு, லாபம்ல?"

அவருக்கு எப்படிச் சொல்வது.
பாரம் என்னை ஒடிக்கவில்லை.
கால்மாட்டுக்கு அனுப்பியவன்
போன் பேசிக்கொண்டே ஒற்றைக் கையில் பிடித்தான்.
மூன்றாம் படியில் அந்தக் கோடி தாழ்ந்தது.
நோயாளி விழவில்லை,
விழாமல் இருந்த மொத்தமும்
என் பக்கம் வந்தது.

கிலோ தொண்ணூறு.
இருபதுக்கு ஆயிரத்தெண்ணூறு என்றார்.
பத்தொன்பது நானூறுக்கு
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு என்றேன்.
ஆயிரத்து எழுநூற்றைம்பதைக் கொடுத்து
நாலு ரூபாயைக் கேட்டு வாங்கினேன்.

ஷேர் ஆட்டோக்காரன் தட்டுகளுக்கும் ஒரு சீட் காசு கேட்டான்.
நியாயம்தான்.
தண்டையார்பேட்டை, ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
ஒரு கைக்கு ஒன்றாக ஏற்றினேன்.

வார்டில் கழித்துப்போட்ட மெத்தைத் துண்டின்மேல்
இரவு கம்பியில் பூட்டினேன்.
குனிந்தேன், முதுகை நேராக வைத்து.
எழுந்தேன்.
இந்தக் கோடியும் அந்தக் கோடியும் ஒரே உயரத்தில்.
யாரும் முனகவில்லை.
அக்கா மெதுவா என்று யாரும் சொல்லவில்லை.
ஆனாலும் மெதுவாகத்தான் இறக்கினேன்.

எட்டு எண்ணியபோது
தண்ணீர் கேட்டது நான்தான்.
நானே எழுந்துபோய்க் குடித்தேன்.